மடிப்புத் துவிச்சக்கரவண்டிக்கு மின்வலு: காத்தான்குடி வாவிக்கரையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

ஒரு பிரதேசத்தின் போக்குவரத்தை ஆராய்வோர் பெரும்பாலும் வீதிகளையும் பாலங்களையும் வாகனத் தொகையையுமே கணக்கிடுவர். ஆயின் அப்பிரதேசத்தின் ஆசிரியரும் மாணவரும் கூலி உழைப்பாளரும் சிறு வணிகரும் நாள்தோறும் எவ்வளவு தூரத்தை எவ்வளவு செலவிற் கடக்கின்றனர் என்னும் வினாவே அடிப்படையானது. 2022ஆம் ஆண்டு இவ்வினாவை இலங்கையின் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் கொண்டுவந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றருக்கு 177 ரூபாவாக இருந்த பெற்றோல் ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் வழங்கப்பட்டது. அதன்பின் நடைமுறைக்கு வந்த பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என விதிக்கப்பட்டது. பங்கீடு 2023 செப்டெம்பர் 1ஆந் திகதி நீக்கப்பட்டது. ஆனால் அது எழுப்பிய வினா நீங்கவில்லை.

நெருக்கடிக் காலத்திற் சைக்கிள் மீண்டும் வீதிக்கு வந்தமை யாவரும் அறிந்தது. மிதித்தே செல்லும் உடல்வலு உடையோருக்கு அது போதுமான தீர்வு. முதியோர், மூச்சுநோய் உடையோர், நண்பகல் வெயிலிற் பொதியுடன் செல்லவேண்டியோர் ஆகியோருக்கு அது அரைத் தீர்வேயாம். எஞ்சிய அரைப்பங்கினைச் சிறிய மின்மோட்டர் ஒன்று நிறைவு செய்ய இயலுமா? குறைந்த விலையில் வாங்கத்தக்க மடிப்புத் துவிச்சக்கரவண்டி ஒன்றை அதற்கெனப் பயன்படுத்துவது எவ்வாறு? இவ்வினாக்களைக் காத்தான்குடியின் நிலவமைப்பை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரையில் நோக்குவோம்.

நிலமும் தேவையும்

காத்தான்குடி மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, ஏறத்தாழ 5 கிலோமீற்றர் தொலைவில், கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை நிலத்தில் அமைந்தது. இலங்கையின் மிக நெருக்கமான குடியிருப்புகளுள் அதுவும் ஒன்று. பிரதான வீதியிலிருந்து கிளைக்கும் ஒழுங்கைகள் குறுகியவை. வீட்டு முற்றங்கள் சிறியவை. இத்தகைய ஊரில் வண்டி ஓடும்போது தேவைப்படும் இடத்தைப் போன்றே அது ஓடாதபோது வேண்டும் இடமும் முக்கியமாகின்றது. மடித்தபின் கதவோரத்தில் நிறுத்தத்தக்க, பேருந்திலோ மட்டக்களப்புப் புகையிரத நிலையத்திலோ கையோடு கொண்டுசெல்லத்தக்க வண்டிக்கு இங்கு தனிப் பயன் உண்டு.

நிலம் சமதரையானது. வடக்கே நகருக்குச் செல்வோர் எதிர்கொள்ளும் ஏற்றம் கல்லடிப் பாலத்தின் ஏறுவழியேயாம். தெற்கே ஆரையம்பதியை அடுத்து, 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் முன்னர் படகுப்பாதையால் மட்டுமே கடக்கக்கூடியதாயிருந்த துறையை நேரடி வீதியாக்கிப் படுவான்கரையை நெருங்கச் செய்துள்ளது. ஆகவே பெரும்பாலான அன்றாடப் பயணங்கள் போகவர 10 முதல் 20 கிலோமீற்றருக்குள் அடங்குவன. இவ்வளவு தூரத்துக்கு எத்துணை வலு தேவை என்பதே நாம் முதலில் தீர்க்கவேண்டிய கணக்கு.

எவ்வளவு வலு வேண்டும்?

ஓட்டுநர் 70 கிலோகிராம், வண்டியும் மின்பொருள்களும் 20, சிறு பொதி 5 என மொத்தம் 95 கிலோகிராம் எனக் கொள்வோம். சமதரையிற் செல்லும் வண்டியை இரண்டு தடைகள் எதிர்க்கின்றன. ஒன்று, சில்லுகள் உருளும்போது தரையால் எழும் தடை. மற்றையது காற்றின் தடை. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் முதலாவதை வெல்ல ஏறத்தாழ 50 வாற்றும் இரண்டாவதை வெல்ல ஏறத்தாழ 60 வாற்றும் தேவைப்படும். கூட்டுத்தொகை 110 வாற்று அளவினது. வேகத்தை 25 கிலோமீற்றராக உயர்த்தின் இத்தொகை 185 வாற்றாகும். வேகம் காற்பங்கு கூட, வலுத்தேவை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடுகின்றமை கவனிக்கத்தக்கது. காற்றுத்தடையை வெல்ல வேண்டிய வலு வேகத்தின் மும்மடியாக வளர்வதே இதற்குக் காரணம்.

கச்சானோ வாடையோ மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் நேரெதிராக வீசும் நாளில், 20 கிலோமீற்றர் வேகத்தைக் காக்க 190 வாற்று வேண்டும். நூற்றுக்கு 3 என்ற ஏற்றத்தில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்துடன் ஏறுவதற்கும் ஏறத்தாழ 180 வாற்று போதும். இக்கணக்குகளிலிருந்து பெறப்படுவது யாதெனில், இந்நிலத்துக்கு 250 வாற்று மோட்டர், ஓட்டுநர் மிதிக்காதிருப்பினும், போதியது என்பதாம். ஓட்டுநரும் மிதிப்பாராயின் அது மிகையே. ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் உதவி மோட்டருக்கு 250 வாற்று, மணிக்கு 25 கிலோமீற்றர் என்னும் எல்லைகளை விதித்துள்ளமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1993இல் யமஹா நிறுவனம் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த மின்னுதவி வண்டியும் மனிதனின் மிதிப்புக்குத் துணைசெய்வது என்ற கருத்திலேயே உருவாயிற்று. சந்தையிற் கிடைக்கும் 500, 1000 வாற்று மோட்டர்கள் மலிவான மடிப்பு வண்டியின் சட்டகத்துக்கு உரியனவல்ல.

மோட்டரும் சிறுசில்லும்

மடிப்பு வண்டிகள் பலவற்றின் சில்லு 20 அங்குல அளவினது. இச்சிறுமை மின்மோட்டருக்கு நன்மையே செய்கின்றது. மோட்டர் தரும் முறுக்கம், அதாவது திருப்புவிசை, ஒன்றாயிருக்கையில், ஆரை சிறிதான சில்லு தரையில் அதிக உந்துவிசையைத் தருகின்றது. மேற்கூறிய ஏற்றத்தை ஏற 20 அங்குலச் சில்லுக்கு 11 நியூற்றன்-மீற்றர் முறுக்கம் போதுமாயிருக்க, 26 அங்குலச் சில்லுக்கு 14க்கு மேல் வேண்டும். அன்றியும், சிறுசில்லு மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் நிமிடத்துக்கு 210 சுற்றுக்கு மேற் சுழல்வதால், மோட்டர் தன் வினைத்திறன் மிக்க வேகத்திற் செயற்படுகின்றது.

சில்லின் குடத்துள் அமைந்த, உள்ளே பற்சக்கரங்கள் கொண்ட மோட்டரே இங்கு பொருத்தமானது. அதன் நிறை ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம்; மின் நிறுத்தப்பட்டபோது மிதிப்பைத் தடுக்காது சுழலும். அதனை முன்சில்லிற் பொருத்தின் பின்சில்லின் செயினும் பற்சக்கரங்களும் மாற்றமின்றி இருக்கும். ஆயின் வாங்குமுன் அளக்கவேண்டியது ஒன்றுண்டு. சாதாரண வண்டியின் முன்கவை இடைவெளி 100 மில்லிமீற்றர். மடிப்பு வண்டிகள் சிலவற்றில் அது 74 மில்லிமீற்றரே. அளவு பொருந்தாத மோட்டருக்காகக் கவையை விரித்து வளைத்தல் ஆகாது.

இனி, இம்மாற்றத்தின் மிக ஆபத்தான இடத்தை நோக்குவோம். மோட்டர் சில்லை முன்னோக்கித் திருப்பும்போது அதன் அச்சு அதேயளவு முறுக்கத்துடன் எதிர்ப்புறம் திரும்ப முனைகின்றது. அச்சின் தட்டையாக்கப்பட்ட பக்கங்களே அதனைத் தடுத்து நிறுத்துகின்றன. 30 நியூற்றன்-மீற்றர் முறுக்கம் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் அகலத்திலே தாங்கப்படுமாயின், அங்கு 2500 நியூற்றன், அதாவது 250 கிலோகிராம் நிறைக்கு ஒப்பான விசை தொழிற்படும். உருக்குக் கவை இவ்விசையால் வளையக்கூடும். வளைதல் கண்ணுக்குப் புலப்படும். அலுமினியக் கவையோ முன்னறிவிப்பின்றி வெடித்துப் பிளக்கக்கூடும். எனவே உருக்குக் கவையுள்ள வண்டியையே தெரிதல் வேண்டும். அத்துடன் அச்சைப் பற்றி, 100 மில்லிமீற்றர் மேலே கவைக்காலோடு பிணைக்கப்படும் உருக்குத் தாங்குகரம் ஒன்றையும் பொருத்துதல் வேண்டும். அக்கரத்தின் முனையிற் தாங்கவேண்டிய விசை 300 நியூற்றனாகக் குறைந்துவிடும். உள்ளூர் இரும்பு வேலைத்தலத்திற் செய்யத்தக்க இச்சிறு தகடு விடுபடுமாயின், ஓடும்போதே முன்சில்லு கழன்றுவிழ இடமுண்டு.

மின்கலம்

36 வோல்ற்று, 7 அம்பியர்-மணி மின்கல அடுக்கு ஏறத்தாழ 250 வாற்று-மணி சக்தியைச் சேமிக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கையே நாளாந்தம் பயன்படுத்துதல் நன்று. எனின் 200 வாற்று-மணி கிடைக்கும். இழப்புகளையுஞ் சேர்த்து, மிதிக்காமற் செல்லின் ஒரு கிலோமீற்றருக்கு 7 முதல் 8 வாற்று-மணி செலவாகும். ஆகவே 25 கிலோமீற்றர் செல்லலாம். மிதித்துச் செல்வோர் அதனினும் கூடிய தூரஞ் செல்வர். மட்டக்களப்பு நகருக்குச் சென்று மீளும் பயணத்துக்கு மின்சார அலகு ஒன்றின் பத்தில் ஒரு பங்கு அளவே செலவாகும். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிள் அதே பயணத்தில் 200 மில்லிலீற்றர் பெற்றோலை எரிக்கின்றது.

ஈய அமிலக் கலங்கள் விலை குறைந்தவை. ஆனால் 12 வோல்ற்றுக் கலங்கள் மூன்றின் நிறை ஏறத்தாழ 12 கிலோகிராம்; கையிற் தூக்கவேண்டிய மடிப்பு வண்டிக்கு அது பெருஞ்சுமை. ஆழ்ந்து வெறுமையாக்கப்படும்போது சில நூறு தடவைகளுக்குள் அவை நலிந்துவிடும். இலிதியம் இரும்புப் பொசுபேற்றுக் கலங்கள் விலையில் உயர்ந்தவையாயினும் ஆயிரக்கணக்கான தடவைகள் மின்னேற்றத்தக்கவை. வெப்பத்தையும் பிற இலிதியக் கலங்களினுஞ் சிறப்பாகத் தாங்குவன. நாள்தோறும் ஓடுபவருக்கு நீண்டகால நோக்கில் இவையே மலிவானவை.

இவ்விரு இலிதிய வகைகளையும் மயங்கிக்கொள்ளல் தீங்கானது. சாதாரண இலிதியம் அயன் கலங்கள் 10 தொடராக இணைந்த அடுக்கு 42 வோல்ற்றில் நிறையும். இரும்புப் பொசுபேற்றுக் கலங்கள் 12 தொடராக இணைந்த அடுக்கு 43.8 வோல்ற்றில் நிறையும். இரண்டும் கடையில் ‘36 வோல்ற்று’ என்றே வழங்கப்படலாம். பிந்தியதன் மின்னேற்றியை முந்தியதற்கு இணைத்தால் கலங்கள் தம் எல்லையைக் கடந்து ஏற்றப்படும். காப்புச் சுற்றும் பழுதாயிருப்பின் தீ மூளும். ஆகையால் ஒவ்வோர் அடுக்குக்கும் காப்புச் சுற்றும் அதற்கேயுரிய மின்னேற்றியும் இருத்தல் கட்டாயம். பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய கலங்களை அளந்து தேராமற் பிணைத்தலும், வெளியேறும் வழியையோ படுக்கையையோ அண்டிய இடத்தில் இரவு முழுதும் மின்னேற்றுதலும் தவிர்க்கத்தக்கன. வீடுகள் ஒட்டிநிற்கும் ஊரில் ஒரு வீட்டின் தீ அவ்வீட்டோடு நில்லாது.

மடிப்பு, தடுப்பு, உப்பு

மடிப்பு வண்டியின் நடுமூட்டும் கைப்பிடித் தண்டின் மூட்டும் சட்டகத்தின் நலிந்த இடங்கள். மின்கலத்தை இருக்கைத் தண்டின் பின்புறம், நடுமூட்டுக்கு அண்மையில், தாழ வைத்தல் நன்று. பின்பொதித்தட்டின் உயரத்தில் வைத்தால் வண்டி தள்ளாடும். மூட்டைக் கடக்கும் கம்பிக்குத் தளர்வான வளையம் விட்டுவைத்தல் வேண்டும். இறுகக் கட்டிய கம்பி மடிக்கும்போதெல்லாம் வளைந்து, உள்ளே அறுந்து, மின்னொழுக்குக்கும் குறுஞ்சுற்றுக்கும் இடந்தரும்.

வேகம் 20இலிருந்து 35 கிலோமீற்றராகும்போது தடுப்பு உறிஞ்சவேண்டிய சக்தி மூன்று மடங்காகின்றது. மலிவு வண்டியின் தடுப்பு அதற்கென அமைக்கப்பட்டதன்று. எனவே மோட்டரைப் பொருத்துமுன் தடுப்புக் கட்டைகளையும் கம்பிகளையும் புதுப்பித்தலும், தடுப்பைப் பிடித்தவுடன் மின்னோட்டத்தை நிறுத்தும் ஆளியைச் சேர்த்தலும் வேண்டும். கட்டுப்படுத்தியின் உச்ச மின்னோட்டத்தையும் நோக்குதல் வேண்டும். 15 அம்பியர் கட்டுப்படுத்தி 36 வோல்ற்றில் 540 வாற்றை உள்ளெடுக்கும். 10 அம்பியர் எல்லை இந்நிலத்துக்குப் போதும்.

கடற்காற்றின் உப்பு இணைப்பூசிகளை அரிப்பது. அவற்றைக் கீழ்நோக்கிப் பொருத்தி, கிறீசு பூசி, றப்பர் உறையிட்டு மூடுதல் நன்று. மாரியில் நீர் தேங்கிய வீதியில் அச்சு மூழ்குமளவுக்குச் செலுத்தலாகாது. கம்பி நுழையும் அச்சுத் துவாரமே நீருக்கும் வழியாகின்றது.

தொழிலறிவு யாரிடம் இருத்தல் வேண்டும்?

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமும் எரிபொருளும் தடைப்பட்டிருந்த காலத்தில், மக்கள் சைக்கிளின் மிதியைச் சுழற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டனர். அங்கு உழைப்பு மின்னாயிற்று. இங்கு மின் உழைப்புக்குத் துணையாகின்றது. இரண்டிலும் இயந்திரத்தின் உட்பொருளை அறிந்த சாதாரண மனிதரே அதனைத் தமக்கு ஏற்ப மாற்றிக்கொள்கின்றனர்.

மின்வண்டி எல்லாத் தங்கிவாழ்தலையும் ஒழித்துவிடும் என நாம் கூறவரவில்லை. கலமும் மோட்டரும் இறக்குமதிப் பொருள்களே. நுரைச்சோலையில் எரியும் நிலக்கரியும் நம் மின்சாரத்திற் கலந்துள்ளது. 2022 மார்ச் 31இல் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு நிகழ்ந்தது. எனினும் 250 வாற்று-மணி அடுக்கை, உரிய மின்னேற்றக் கட்டுப்படுத்தியுடன், 100 வாற்றுச் சூரியத் தகடு ஒன்றே நல்ல வெயில் நாளில் நிரப்ப வல்லது. தேவை சிறிதாயிருக்கும்போதே இத்தகைய வழி சாத்தியமாகின்றது. வலுவை மிகைப்படுத்துவோருக்கு அவ்வழி அடைபட்டுவிடும்.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. ஒழுங்கை முனையிற் சைக்கிள் திருத்துபவருக்கு முறுக்கக் கணக்கும் கலங்களின் வோல்ற்று எல்லையும் தமிழிற் சென்றடைதல் வேண்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகமும் அவர்களோடு ஒரே மேசையில் அமர்ந்து, தாங்குகரத்தின் அளவு, கலத்தின் சோதனை, மின்னேற்றியின் பொருத்தம் ஆகியவற்றைக் கூறும் சில பக்கக் கைந்நூல் ஒன்றை வெளியிடலாம். மாற்றியமைத்த வண்டியை வீதியில் இறக்குமுன் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதியை எழுத்திற் கேட்டறிதலும் அக்கூட்டு முயற்சியின் பணியாதல் வேண்டும். காத்தான்குடியில் ஒரு வேலைத்தலமும் பத்து வண்டிகளும் ஒரு மாரிகாலச் சோதனையும் இதனைத் தொடங்கப் போதுமானவை.