புயல் இல்லாமலும் வெள்ளம் வரும்

பிசானத்துக்கு நாற்றங்கால் தயாராகும் நாட்களில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் போயிருந்தேன். வாழை விவசாயி ஒருவர் தம் மோட்டார் அறையில் புதிய ஸ்டார்ட்டர் பெட்டியைப் பொருத்திக் கொண்டிருந்தார். 2023 வெள்ளத்தில் பழைய பெட்டி மூழ்கிப்போன அதே இடம், அதே உயரம். சற்று உயர்த்தி வைக்கலாமே என்றேன்.

"நூறு வருசத்துக்கு ஒரு தடவை வாற வெள்ளம்னு சொல்லுதாங்கல்லா ஐயா. வந்துட்டுப் போயிட்டு. இனி எங்க காலத்துல வராது" என்றார்.

இவ்வாறு எண்ணுவோர் நம் பகுதியில் பலர். இந்தக் கணக்கு தவறானது. தாமிரபரணிப் பாசன உழவர் பெருமக்கள் வெள்ளம் எப்படி வருகிறது, எவ்வளவு அடிக்கடி வரக்கூடும் என்பதைச் சரிவர அறிந்திருத்தல் அவசியம்.

பழைய வெள்ளங்கள்

நமது ஆற்றுக்கு வெள்ளம் புதிதல்ல. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. 1869-ல் வந்த வெள்ளம் அதன் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. 1992 நவம்பர் 13-ந் தேதி தூத்துக்குடி அருகே ஒரு புயல் கரையைக் கடந்தபோது மலையில் பெருமழை கொட்டியது. அம்பாசமுத்திரம் முதல் திருநெல்வேலி வரை ஆற்றங்கரை ஊர்கள் பெரும் சேதம் அடைந்தன.

2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் சென்றது. குமரி மாவட்டத்தில் அதன் காற்று வாழையையும் ரப்பரையும் முறித்துப் போட்டது.

2023 டிசம்பரிலோ நம் பகுதிக்குப் புயலே வரவில்லை. அம்மாதத் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மிக்ஜாம் புயல், 5-ந் தேதி ஆந்திராவில் கரையைக் கடந்து போய்விட்டது. பின்னர் 17-ந் தேதி, குமரிக் கடல் பகுதியில் நிலவிய வெறும் காற்றுச் சுழற்சி ஒன்றே நமக்கு மழையைக் கொண்டுவந்தது. 18-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ., மாஞ்சோலையில் 55 செ.மீ. மழை பதிவாயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது, தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அதிகம்.

ஆகவே, "புயல் எச்சரிக்கை இல்லை, பயமில்லை" என்று இருந்துவிடக் கூடாது. புயல் என்பது காற்றின் வேகத்தைக் கொண்டு வைத்த பெயர். மழையின் அளவை அது சொல்லாது.

மழை எங்கே விழுகிறது?

வெள்ளம் என்றதும் நாம் அணையின் நீர்மட்டத்தைத்தான் கேட்கிறோம். மலையில் பெய்யும் மழைக்கு அது சரி. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் அந்த நீரை ஓரளவு தாங்கும். திறந்துவிட்டாலும் கீழே உள்ள ஊர்களுக்குத் தயாராகச் சில மணி நேரம் கிடைக்கும்.

சமவெளியில் விழும் மழையைப் பிடிக்க அணை கிடையாது. ஒரு சதுர கிலோமீட்டரில் 60 செ.மீ. மழை பெய்தால் அது சுமார் 2.1 கோடி கன அடி நீர். பாபநாசம் அணையின் கொள்ளளவு 550 கோடி கன அடி. அதாவது 16 கிலோமீட்டர் நீளமும் 16 கிலோமீட்டர் அகலமும் உள்ள பரப்பில் 60 செ.மீ. மழை பெய்தால், நிரம்பிய ஒரு பாபநாசம் அணை அளவு தண்ணீர் நம் வயல்களின் மேலேயே விழுந்துவிடுகிறது. நிலம் ஏற்கெனவே நனைந்திருந்தால் அதில் பெரும்பகுதி ஓடத்தான் செய்யும். சிற்றாறும் திருநெல்வேலியைத் தாண்டிச் சீவலப்பேரியில்தான் பெரிய ஆற்றுடன் கலக்கிறது. மேலே உள்ள அணைகளால் அதன் நீரைத் தடுக்க இயலாது.

இந்த நீரை முதலில் வாங்குபவை குளங்களே. நமது குளங்கள் ஒன்றன் மறுகால் நீர் அடுத்ததில் சேரும்படி தொடராக அமைந்தவை. மேல்குளம் உடைந்தால் அந்த நீர் முழுவதும் கீழ்க்குளத்தின் கரை மீது மோதும். ஆற்று வெள்ளத்தைப் போல் இது அவகாசம் கொடுப்பதில்லை.

'நூறாண்டு வெள்ளம்' என்றால் என்ன?

நூறு ஆண்டுக்கு ஒருமுறை தவணை வைத்து வரும் வெள்ளம் என்று இதற்குப் பொருள் இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே பொருள்.

ஒரு பானையில் நூறு புளியங்கொட்டைகளைப் போட்டு, ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு தடவி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பானையிலேயே போட்டுக் குலுக்க வேண்டும். இந்த ஆண்டு வெள்ளைக் கொட்டை வந்துவிட்டதால் அடுத்த ஆண்டு வராது என்று சொல்ல முடியுமா? 30 ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால், அது ஒரு முறையாவது கையில் வருவதற்கு நூற்றுக்கு 26 வாய்ப்பு. ஓர் உழவர் வயலில் பாடுபடும் காலம் ஏறக்குறைய அந்த 30 ஆண்டுகளே. கடல் சூடேறி வருவதால் காற்று சுமக்கும் ஈரமும் கூடுகிறது. ஆதலால் பானையில் வெள்ளைக் கொட்டைகள் பெருகினாலும் பெருகும்.

செய்ய வேண்டியவை

1. வீடு, மோட்டார் அறை, கோயில் மதில் ஆகியவற்றில் 2023-ல் நீர் நின்ற மட்டத்தை வண்ணத்தால் கோடிட்டு, தேதியும் எழுதி வையுங்கள். விதைநெல், உரம், ஸ்டார்ட்டர் பெட்டி ஆகியவை அந்தக் கோட்டுக்கு மேல் இருக்கட்டும்.

2. பக்கம் நேராக உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து, காலைதோறும் நீரின் உயரத்தை அளந்து குறித்து வாருங்கள். ஒரு செ.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர்.

3. வானொலியில் 'அதி கனமழை' என்றால் 21 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்று பொருள். மேல் எல்லை கிடையாது. 21 செ.மீ.க்கும் 95 செ.மீ.க்கும் அதே சொல்தான். அதைக் கேட்டால் மாடுகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும்.

4. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மறுகால் ஓடையில் உள்ள முள்ளையும் மண்ணையும் அகற்றுங்கள். நவம்பர், டிசம்பரில் மறுகாலில் பலகையோ மணல் மூட்டையோ வைத்து நீரை உயர்த்துவது கூடவே கூடாது. மேல்குளத்து நீர்க்கட்டியின் தொலைபேசி எண் கீழ்க்குளத்தார் கையில் இருக்க வேண்டும்.

5. பிசான நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டில் விவசாயி செலுத்த வேண்டிய கட்டணம் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய். கடைசி நாள் வரை காத்திராமல் உடனே பதிவு செய்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த வாழை விவசாயியிடமும் புளியங்கொட்டைக் கணக்கைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அறைச் சுவரில் இருந்த பழைய சேற்றுத் தடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். அதற்கு ஒரு முழத்துக்கு மேலே ஆணியால் ஒரு கோடு கிழித்தார். "இங்கன வச்சா எட்டுமா ஐயா?" என்று கேட்டார். ஏறி நிற்க ஒரு கல்லைப் போட்டுக் கொள்ளச் சொன்னேன்.