ராட்டினம் ஏறாத பாட்டிக்கும் டிக்கெட் எடுத்தாச்சு... நாள் முழுக்க அவர் என்ன பார்ப்பார்?

கோடை விடுமுறையில் அதிகாலை மூன்று மணிக்குப் பெரம்பலூர் நான்கு ரோடு பக்கம் நின்றால் சென்னை நோக்கிப் போகும் சுற்றுலா வேன்களைப் பார்க்கலாம். உள்ளே புளியோதரை வாசனை, பாட்டுச் சத்தம், ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. திருமாந்துறை டோல்கேட் தாண்டுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பாட்டி மட்டும் விழித்திருப்பார், மடியில் ஒரு தூக்குவாளியோடு.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பெரிய தீம் பார்க் எதுவும் கிடையாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்த மண் இது. அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இன்றும் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. ஆனால், பிள்ளைகள் செயற்கை அலையில் குதிக்க வேண்டுமென்றால் சுமார் 270 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னைக்குத்தான் போக வேண்டும்!

மக்காச்சோளமோ சின்ன வெங்காயமோ விற்ற காசில், அல்லது சிமென்ட் ஆலை போனஸில், சில வருடங்களுக்கு ஒருமுறை போகிற பயணம் இது. வேன் வாடகை, நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்குச் சாதாரணத் தொகை இல்லை. பிள்ளைகள் ரைடுகளுக்கு ஓடிவிடுவார்கள். ரத்த அழுத்தம் உள்ள தாத்தா, முட்டி வலிக்காரப் பாட்டி, கர்ப்பிணி மருமகள், உயரம் போதாமல் கேட்டிலேயே திருப்பி அனுப்பப்படும் ஐந்து வயதுப் பேரன் ஆகியோர் பைகளுக்குக் காவல். இவர்களுக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறோம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று தலைமுறையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வாய்ப்பிருக்கும் ஒரே இடம், லைவ் ஷோ நடக்கும் அரங்கம்தான்.

அசையாத மனிதர்

தமிழ்நாட்டில் தீம் பார்க் லைவ் ஷோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது மேடையே இல்லாத ஒரு ஷோ. தவணை முறையில் பொருள்கள் விற்று தமிழகம் முழுக்க அறிமுகமான வி.ஜி.பி நிறுவனம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உருவாக்கிய பூங்காவின் 'சிலை மனிதர்' அது. லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனைக் காவலர்களைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். 1990-களின் தொடக்கத்திலிருந்து, ராஜ உடையும் மீசையுமாக அசையாமல் நிற்கிறது அந்த உருவம். சிரிக்க வைத்தால் பரிசு என்ற அறிவிப்பு அதைவிடப் பிரபலம். அன்று அவர் முன்னால் நின்று கோமாளித்தனம் செய்த சிறுவர்கள், இன்று தங்கள் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள்.

சிரிக்க வைக்க முயற்சி செய்யலாம், ஜோக் சொல்லலாம், முகத்தைக் கோணலாம். கிள்ளுவதும் மூக்குக்கு நேராக போனை நீட்டுவதும் விளையாட்டு அல்ல. மணிக்கணக்கில் நிற்பது அவருடைய வேலை. பிள்ளைகளிடம் இதை வேனிலேயே சொல்லிவிடுவது நல்லது, அங்கே போய்ச் சொன்னால் காதில் விழாது.

டால்பின் ஏன் இல்லை?

யூடியூபில் வெளிநாட்டு டால்பின் ஷோ பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. சென்னையிலும் ஒரு காலத்தில் அப்படியொரு முயற்சி நடந்தது. 1998-ல் பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டால்பின்கள், சில மாதங்களிலேயே ஒவ்வொன்றாக இறந்துபோயின. 2013 மே மாதம், டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தர வேண்டாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. டால்பின்களை 'மனிதரல்லாத நபர்கள்' என்றே கருத வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கை பேசியது. சர்க்கஸில் சிங்கம், புலி, கரடி, குரங்கு காணாமல் போனதும் இதேபோலத்தான். 1998-ல் தடை, 2001-ல் அதை உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

அதனால், இன்றைய லைவ் ஷோ என்பது முழுக்க மனிதர்களின் ஷோ. மேஜிக், ஜக்லிங், நடனம், சாகசச் சண்டை, பொம்மைக் குரல் என்று அவர்கள் உடம்பும் பயிற்சியும்தான் மூலதனம். ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டி போனவர்கள், படப்பிடிப்புத் தளங்களைவிட அங்கே நடக்கும் கௌபாய் ஸ்டன்ட் ஷோவைத்தான் ஊர் வந்து விவரிப்பார்கள்.

நேரம் முக்கியம்

ஷோவைக் கோட்டைவிடுபவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் விடுகிறார்கள். நுழைந்ததும் நேராக ரைடுக்கு ஓடுவது! வாசலில் ஷோ நேரப் பலகை இருந்தால் அதை முதலில் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். எந்த ஷோவுக்கு எல்லோரும் கூடுவது என்று அங்கேயே முடிவுசெய்யுங்கள். பிறகு பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். வார நாள்களிலும் மழைக்காலத்திலும் சில ஷோக்கள் ரத்தாவது உண்டு. ஷோவுக்காகவே போகிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு முந்தைய நாள் பூங்காவுக்கு போன் செய்து கேட்டுவிடலாம். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்ட வொண்டர்லா போன்ற புதிய பூங்காக்களில் ரைடுகளுக்குத்தான் முதலிடம். நம் பக்கத்து ஊர் தஞ்சையை நினைவூட்டும் 'தஞ்சோரா' என்ற ரோலர் கோஸ்டரே அங்கே இருக்கிறது. பாட்டியோடு போகிறவர்கள், அன்றைக்கு மேடை நிகழ்ச்சி உண்டா என்று கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

மதியம் இரண்டு மணி ஷோதான் பெரியவர்களுக்கு ஏற்றது. வெயில் உச்சத்தில் இருக்கும்போது கூரைக்குக் கீழே அரை மணி நேரம் உட்காரலாம், சாப்பாடும் செரிக்கும். திறந்தவெளி அரங்கம் என்றால் மேற்கு வெயில் முகத்தில் அடிக்காத பக்கமாகப் பாருங்கள். முட்டி வலி உள்ளவருக்கு நடைபாதை ஓரச் சீட்டு. கைக்குழந்தை இருந்தால் ஸ்பீக்கருக்கு அருகில் வேண்டாம். அந்தச் சத்தத்தில் மிரண்ட குழந்தையை அன்று முழுக்கச் சமாதானப்படுத்த முடியாது. முடிந்ததும் எல்லோரும் ஒரே வாசலை நோக்கி முண்டுவார்கள், ஐந்து நிமிடம் உட்கார்ந்தே இருங்கள்.

மேடைக்கு யாராவது வாருங்கள் என்று மேஜிக் கலைஞர் அழைக்கும்போது நம் ஊர்ப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். தள்ளிவிடாதீர்கள். சில சமயம் பாட்டியே எழுந்து போய்விடுவார். அந்த வீடியோதான் அடுத்த பொங்கல் வரை ஓடும்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு

இந்த இரண்டு மாவட்டங்களிலும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை இல்லாத தெரு குறைவு. அப்பா அம்மாவை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்ட வேண்டும் என்பது அவர்களில் பலருக்குப் பல வருடக் கனவு. செந்தோசா தீவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் 'வாட்டர்வேர்ல்டு' ஷோ, 1995-ல் வந்த ஹாலிவுட் படத்தை வைத்து உருவானது. தீப்பிழம்பு, ஜெட் ஸ்கி, உயரத்திலிருந்து தண்ணீரில் விழும் வில்லன் என்று, ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாதவருக்கும் கதை புரியும். நனையும் சீட்டுகளுக்குத் தனி நிறம் உண்டு. பட்டுச்சேலையில் வந்த அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்துவிடாதீர்கள். இரவில் கடற்கரையில் நடக்கும் 'விங்ஸ் ஆஃப் டைம்' ஷோவுக்குத் தனி டிக்கெட்.

நம் ஊர் மேடை

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் பிறந்த நட்சத்திரமான ஆடித் திருவாதிரை, இப்போது அரசு விழா. 2025 ஜூலையில் பிரதமர் வந்தபோது இளையராஜாவின் திருவாசக இசை அந்த வளாகத்தில்தான் ஒலித்தது. எல்லா வருடமும் அவ்வளவு பெரிய பெயர்கள் வருவதில்லைதான். ஆனாலும் பிரமாண்டமான கோயில் விமானத்தைப் பார்த்தபடி கலை நிகழ்ச்சி பார்க்கும் அனுபவத்தை எந்த தீம் பார்க்கிலும் கட்டமைக்க முடியாது. உயரக் கட்டுப்பாடும் இல்லை. பாட்டிக்கு ஒரு பாய் போதும், கூட்டம் சேர்வதற்கு முன்பே போய்விட்டால் மேடைக்கு எதிரிலேயே இடம் கிடைக்கும். ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் வசதி உண்டு. இரவு திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.