'பதிவுசெய்' பொத்தானை அழுத்தியதும் உங்கள் விவரங்களுக்கு என்ன ஆகிறது?

சமூக மன்ற யோகா வகுப்பு, கடைத்தொகுதி உறுப்பினர் அட்டை, உணவு விநியோகச் செயலி... எதில் சேர்ந்தாலும் முதலில் வருவது ஒரு படிவம். பெயர், மின்னஞ்சல், கைத்தொலைபேசி எண், மறைச்சொல் எல்லாவற்றையும் நிரப்பி அழுத்திவிடுகிறோம். ஓரிரு விநாடியில் திரையில் "நன்றி" வருகிறது.

அந்த ஓரிரு விநாடிக்குள் என்னதான் நடக்குது?

படிவம் ஒரே வரியாகிறது

படிவத்தில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு. உலாவி அந்தப் பெயரையும் உங்கள் பதிலையும் = குறியால் இணைக்கும். அப்படி வரும் ஜோடிகளுக்கு நடுவே & குறி போட்டு, வழக்கமாக எல்லாவற்றையும் ஒரே நீள வரியாகக் கோக்கும்.

இடைவெளி + ஆகும். @ குறி %40 ஆகும். தமிழில் எழுதினால் வரி இன்னும் நீளும். 'மலர்' என்ற சின்னப் பெயருக்கே 36 குறியீடுகள் தேவை!

மறுமுனையில் இருக்கும் சர்வர் நிரல், முதலில் & குறியில் வரியைப் பிரிக்கும், பிறகு = குறியில். அதன் பின்னரே குறியீடுகளைப் பழைய எழுத்துகளாக மாற்றும். வரிசை மாறினால், பெயருக்குள்ளேயே & இருக்கும் கடையின் பெயர் பாதியில் அறுந்துவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது?

* முகவரிப் பட்டை: சில படிவங்கள் விவரங்களை இணைய முகவரியோடு ஒட்டி அனுப்பும். அது உலாவி வரலாற்றிலும் சர்வர் பதிவேடுகளிலும் தங்கிவிடும். மறைச்சொல்லை அப்படி அனுப்பவே கூடாது.

* உலாவியை மட்டும் நம்புவது: "மின்னஞ்சல் தவறு" என்று திரை எச்சரிப்பது உங்கள் வசதிக்காக. உலாவியே இல்லாமலும் சர்வருக்கு விவரம் அனுப்பலாம். அதனால் சர்வர் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

* கேட்காத விவரம்: படிவத்தில் இல்லாத ஒன்றைச் சேர்த்து அனுப்பினால்? 2012 மார்ச்சில் கிட்ஹப் தளத்தில் ஒருவர் அதைத்தான் செய்தார். தமக்கு அனுமதியில்லாத ரூபி ஆன் ரெயில்ஸ் திட்டத்தில் மாற்றம் செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்துவிட்டது. கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவதே நல்ல நிரலுக்கு அழகு.

* அளவுக்கு மீறிய கண்டிப்பு: சிங்கப்பூர் இந்தியர்கள் பலரின் பெயரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' உண்டு. சாய்கோட்டை ஏற்காத படிவம், சட்டப்படியான பெயரையே "செல்லாது" என்று தள்ளிவிடும். இது பாதுகாப்பு இல்லை, நிரலின் குறை.

பூட்டுச் சின்னம் இருந்தால் போதுமா?

போதாது. வழியில் யாரும் படிக்காமல் காப்பதே அதன் வேலை. சர்வரை அடைந்ததும் பூட்டு திறக்கப்படும். நிரலின் கையில் உங்கள் மறைச்சொல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பொறுப்பான தளம் அதை அப்படியே சேமிக்காது. திருப்பிக் கண்டுபிடிக்கக் கடினமான வேறொரு வடிவத்துக்கு மாற்றித்தான் வைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தேவைப்பட்டாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்வது அவசியமானாலோ தவிர, தனியார் அமைப்புகள் அடையாள அட்டை எண்ணைச் சேகரிக்கக் கூடாது. அதிர்ஷ்டக் குலுக்கல் எல்லாம் அந்தக் கணக்கில் வராது.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறும் அமைப்புக்கு 1 மில்லியன் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். சிங்கப்பூரில் ஆண்டு வருவாய் 10 மில்லியன் வெள்ளியைத் தாண்டினால், அதில் 10 விழுக்காடு வரைகூடப் போகலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* ஒவ்வொரு தளத்துக்கும் தனி மறைச்சொல் வையுங்கள். ஒன்று கசிந்தாலும் மற்றவை தப்பிக்கும்.
* அனுப்பியதும் முகவரிப் பட்டையைப் பாருங்கள். உங்கள் விவரம் அங்கே தெரிந்தால் தளத்தாரிடம் சொல்லுங்கள்.
* "மறைச்சொல் மறந்துவிட்டது" என்றதும் பழைய மறைச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பும் தளமா? உஷார்! அதை அவர்கள் படிக்கும் வடிவில் வைத்திருக்கிறார்கள்.
* அடையாள அட்டை எண் கேட்டால், "எதுக்கு?" என்று தயங்காமல் கேளுங்கள்.

கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் நிரப்பியே ஆகவேண்டும் என்றில்லை.