மேட்டில் ஏறும் படகு

தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். அப்படியிருக்க, கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு மேட்டைக் கால்வாயில் செல்லும் படகு எப்படித் தாண்டும்? தென் பிரான்ஸில் உள்ள 'கனால் து மிதி' கால்வாயில் இது நடக்கிறது.

துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை சுமார் 240 கிலோமீட்டர் நீளம். 1666-ல் தொடங்கி 1681-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன், பிரான்ஸின் மேற்குக் கரையிலிருந்து தெற்குக் கரைக்குச் செல்லும் சரக்குக் கப்பல் ஸ்பெயினைச் சுற்றி, ஜிப்ரால்டர் வழியாகப் போக வேண்டும். தாரிக் பின் ஸியாதின் பெயரால் நாம் ஜபல் தாரிக் என்று அறிந்த அதே இடம்தான்.

மேடேறும் வித்தை 'லாக்' எனப்படும் தொட்டியில் இருக்கிறது. இரு முனைகளிலும் கதவுகள். படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே வந்ததும் அதை மூடிவிடுவார்கள். பிறகு மேல்கதவில் உள்ள சிறு மதகைத் திறந்தால், மேலிருந்து தண்ணீர் பாய்ந்து தொட்டி நிறையும். படகும் கூடவே உயரும். இருபுறமும் மட்டம் சமமானதும் மேல்கதவு திறக்கும். படகைத் தூக்கப் பம்பும் வேண்டாம், கிரேனும் வேண்டாம். இறங்கும்போது இதுவே தலைகீழாக நடக்கும். அப்போது மட்டும் கயிற்றை இறுகக் கட்டிவிடக் கூடாது. தண்ணீர் இறங்க இறங்கத் தளர்த்த வேண்டும். மறந்தால் படகு சுவரில் தொங்கிவிடும்!

ஆனால் ஒவ்வொரு முறை லாக் திறக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடுகிறது. அப்படியானால் உச்சி மேட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? முன்பு பலர் இத்திட்டத்தைக் கைவிட்டதற்கு இந்தக் கேள்வியே முக்கியக் காரணம். பதில் கண்டவர் பொறியாளர் அல்ல. பியேர் போல் ரிக்கே என்ற உப்பு வரி வசூலிப்பாளர். அருகிலுள்ள மலைத்தொடரின் ஓடைகளைத் திருப்பி, சேன் ஃபெரெயோல் என்ற இடத்தில் அணை கட்டித் தேக்கி, அங்கிருந்து வாய்க்கால் வெட்டி உச்சிக்குக் கொண்டுவந்தார்.

ஆரம்பத்தில் நேர்ச்சுவருடன் கட்டிய லாக் இடிந்து விழுந்தது. அதன்பின் மண் அழுத்தத்தைத் தாங்கச் சுவர்களை வளைத்து, முட்டை வடிவில் கட்டினார்கள். பெசியே நகரருகே அத்தகைய எட்டுத் தொட்டிகளைப் படிக்கட்டு போல அடுத்தடுத்து அமைத்தார்கள்.

சுமார் 12,000 பேர் வேலை செய்தார்கள். பெண்களும் கூடையில் மண் சுமந்தார்கள். மழையால் வேலை நின்ற நாளுக்கும் ரிக்கே கூலி கொடுத்தார். நம் ஊர்க் கட்டடத் தொழிலாளிகளில் பலருக்கு இன்றும் அது கிடைப்பதில்லை. தம் சொந்தச் செல்வத்தையும் இதில் கொட்டிய அவர், கடனாளியாக 1680 அக்டோபரில் இறந்தார். கால்வாய் திறக்க ஏழெட்டு மாதங்களே இருந்தன.

இன்று இது சுற்றுலாப் படகுகளின் பாதை. 1996 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். வாடகைப் படகை ஓட்ட உரிமம் தேவையில்லை, சற்று நேரப் பயிற்சி போதும். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அலை அடித்தால் கரை அரித்துவிடும். கரையைப் பிடித்து நின்றவை சுமார் 42,000 பிளேன் மரங்களின் வேர்கள். 2006-ல் அவற்றில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்தில்லாததால் பல்லாயிரம் மரங்களை வெட்டி எரித்துவிட்டார்கள். வேறு இன மரங்களை நட்டு வருகிறார்கள். அவை வளரும்வரை சில பகுதிகளில் நிழலின்றித்தான் படகு செல்ல வேண்டும்.