கடல் கடந்தும் விடாத குடம்!

கழுகுமலையில் ஒரு குடம் தண்ணிக்கு வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். கணவரின் வேலைக்காக ட்ரினிடாட் தீவுக்குக் குடிபோனபோது, "அப்பாடா, தண்ணிக் கஷ்டம் விட்டது" என்று சந்தோஷப்பட்டேன். ஜூன் முதல் டிசம்பர் வரை மழை பெய்கிற ஊராயிற்றே! போனால், எங்கள் தெருக் குழாயில் தினமும் தண்ணீர் வரவில்லை.

"அங்கேயும் தண்ணிப் பஞ்சமாடி?" என்று போனில் சிரித்தாள் அம்மா.

பழக்கம் விடுமா? டிரம், வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னோர் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய இந்தியர்கள். அங்கே முதல் கப்பல் சேர்ந்தது 1845 மே 30-ல். பாட்டிக்குத் தமிழ் தெரியாது. ஒருநாள் ஒரு கொத்து இலையை நீட்டி, "கரபுலே" என்றார். பார்த்தால் நம்ம கறிவேப்பிலை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த மழைக்காலத்தில் என் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. டெங்கு! பாட்டி நேரே என் டிரம்மைத்தான் எட்டிப் பார்த்தார். மூடாத தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. வெட்கிப் போனேன்.

டாக்டர் சொன்னதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கூடாது. நீர் ஆகாரம் நிறையக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் இறங்கியதும் அசந்துவிடக் கூடாது. அடுத்த ஓரிரு நாட்கள்தான் கண்டம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு, சோர்வு தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மகள் பிழைத்து எழுந்தாள். இப்போது வாரம் ஒருமுறை டிரம்மின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுகிறேன். கொசு முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். பிறகு இறுக்கி மூடுகிறேன்.

தண்ணீரைச் சேர்க்கத் தெரிந்த கரிசல்காட்டுப் பெண்களே, மூடவும் மறக்காதீர்கள்!