கண் சிமிட்டும் நேரத்தில் அடுத்த குண்டு!

தொப்பம்பட்டிப் பக்கத்தில் இருந்து பழனிக்குத் தைப்பூசம் பார்க்கப் போகிறவர்கள், திருவிழாக் கடைகளில் பலூன் சுடும் துப்பாக்கியைப் பார்த்து இருப்பார்கள்.

கடைக்காரர் துப்பாக்கியை நடுவில் மடக்குவார். சிறிய குண்டு ஒன்றைப் போடுவார். நிமிர்த்தி நம் கையில் கொடுப்பார். குறி தவறினால் மறுபடியும் மடக்க வேண்டும். மறுபடியும் குண்டு போட வேண்டும்.

பலூன் எங்கும் ஓடாது. அது காத்து இருக்கும்.

புலி காத்து இருக்குமா?

அடிபட்ட புலி பாய்ந்து வர ஓரிரு வினாடி போதும். அதற்குள் அடுத்த குண்டு புறப்பட வேண்டும். இல்லாவிட்டால் சுட்டவர் உயிர் தப்புவது அரிது.

அந்த ஓரிரு வினாடியை நினைத்தே ஒரு வேட்டைக்காரர் ஒரு துப்பாக்கியைத் தோழன்போல வைத்து இருந்தார். அவர் பெயர் கென்னத் ஆண்டர்சன். அவர் துப்பாக்கியின் பெயர் ".405 வின்செஸ்டர்".

யார் இந்த ஆண்டர்சன்?

ஆண்டர்சன் 1910-ம் ஆண்டு பிறந்தவர். ஸ்காட்லாந்து வம்சத்தைச் சேர்ந்தவர். ஆனால் அவர் குடும்பம் பல தலைமுறையாக இந்தியாவில் வாழ்ந்தது. பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்தார். கன்னடமும் தமிழும் பேசுவார். விடுமுறை கிடைத்தால் காட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

ஜவளகிரி, பென்னாகரம் காடுகள் அவருக்கு வீட்டுக் கொல்லை போல. அவை அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1939 முதல் 1966 வரை, மனிதரைத் தின்னும் புலிகள் 7, சிறுத்தைகள் 8 அவர் குண்டுக்கு இரையானதாக அரசாங்கக் கணக்கு சொல்கிறது.

ஜவளகிரியில் ஒரு பெண் புலி மக்களைக் கொன்று தின்றது. ஆண்டர்சன் என்ன செய்தார் தெரியுமா? ஆண் புலியைப் போலக் குரல் கொடுத்து அதைத் தன் எதிரே வரவழைத்தார்! கையில் இருந்தது அதே துப்பாக்கிதான்.

என்ன விசேஷம்?

இதன் விசைக்குக் கீழே இரும்பு வளையம் போன்ற ஒரு கைப்பிடி உண்டு. இதை "லீவர்" என்பார்கள். சுட்டதும் அதைக் கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே தெறிக்கும். மேலே இழுத்தால் புதுத் தோட்டா குழலுக்குள் போய்விடும்.

துப்பாக்கியைத் தோளை விட்டு எடுக்க வேண்டாம். கண்ணைக் குறியை விட்டு எடுக்க வேண்டாம். பெட்டியில் நான்கு, குழலில் ஒன்று. ஆக ஐந்து தோட்டா!

பணக்கார வேட்டைக்காரர்கள் இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்து இருந்தார்கள். அதன் விலை மிக அதிகம். அதிலும் இரண்டு குண்டோடு சரி.

யானை விலையா, குதிரை வேகமா?

இந்தத் துப்பாக்கியை அமைத்தவர் ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்க மேதை. 1895-ல் அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி இதை வெளியிட்டது.

அதற்கு முந்திய லீவர் துப்பாக்கிகளில், குழலின் அடியில் ஒரு குழாய் இருக்கும். தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முனை கூரான தோட்டாவாக இருந்தால், முன்னால் உள்ள தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கச் செய்துவிடலாம். பிரவுனிங் குழாயை நீக்கிவிட்டுப் பெட்டி வைத்தார். பெரிய, வலுவான தோட்டாக்களைப் போட வழி பிறந்தது.

.405 தோட்டா 1904-ல் வந்தது. அதன் குண்டு சுமார் 19 கிராம். ஏறக்குறைய இரண்டரைப் பவுன் எடை! வினாடிக்கு 2,200 அடி வேகம். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டைக்குப் போனபோது இதைத்தான் கொண்டு போனார்.

குறையும் உண்டு. சுடுகிறவரின் தோளை இது பலமாக உதைக்கும்!

புலி ஏன் மனிதரைத் தின்றது?

பெரிய குண்டு எதற்கு? புலி பெரிது என்பது மட்டும் காரணம் அல்ல.

சிலர் நாட்டுத் துப்பாக்கியால் அரைகுறையாகச் சுட்டார்கள். புலி சாகவில்லை, ஊனமாயிற்று. மானைத் துரத்த முடியாத புலி, ஆடு மேய்க்கும் ஏழையைப் பிடித்தது. மனிதன் தந்த காயமே பல புலிகளை மனிதரைத் தின்ன வைத்தது.

அதனால் நல்ல வேட்டைக்காரர், காயப்பட்ட மிருகத்தைக் காட்டில் விட்டுவிட்டு வருவதைப் பாவமாக நினைத்தார். முதல் குண்டு வலுவாக இருக்க வேண்டும். தவறினால் அடுத்த குண்டு உடனே பாய வேண்டும். .405 துப்பாக்கியின் பெருமை அதுதான்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலி வேட்டை இன்று குற்றம். ஆண்டர்சன் 1974-ல் காலமானார். ஜவளகிரிக் காட்டில் இன்றும் யானைகள் நடமாடுகின்றன.

துப்பாக்கி ஓய்ந்தது. ஆனால் அது சொன்ன பாடம் ஓயவில்லை: அரைகுறை வேலையின் பலனை அனுபவிப்பவன், பெரும்பாலும் அதைச் செய்தவன் அல்ல; அடுத்தவன்!