மிதிவண்டியும் காற்றும்

கண்ணுக்குப் புலப்படாத காற்றே மிதிவண்டியைத் தாங்கி நிற்கின்றது. எஃகுச் சட்டமும் சங்கிலியும் எத்துணை வலியவாயினும், டயரினுள் அடைபட்ட காற்று வெளியேறிவிடின், ஏறிச் செல்வோரைச் சுமக்க வேண்டிய வண்டியை அவரே தள்ளிச் செல்ல நேரும். ஆதலின், மிதிவண்டி ஓட்டக் கற்போர், காற்று எவ்வழியாக வெளியேறும் என்பதையும் அதனைத் தடுக்கும் முறையையும் அறிதல் இன்றியமையாததாம்.

இவ்வறிவின் அருமையைப் புதுக்கோட்டை மாவட்டம் நன்குணரும். 1991 ஆம் ஆண்டு அங்கு அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அக்காலத்தில் மாவட்ட ஆட்சித் தலைவராக விளங்கிய ஷீலாராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியையும் பெண்களுக்கு அளிக்க ஊக்கமளித்தார். வயலில் உழைப்போரும், கல்லுடைப்போரும், அங்கன்வாடிப் பணியாளரும், ஆசிரியைகளும் ஆர்வத்துடன் கற்றனர். 1992 ஆம் ஆண்டு உலக மகளிர் நாளன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடிகளில் கொடி கட்டி, மணியொலித்துப் புதுக்கோட்டை நகரில் வலம் வந்தனர். பேருந்துக்கு நெடுநேரம் காத்திருந்தவர்களும், தந்தை அல்லது கணவரின் துணையை எதிர்நோக்கி இருந்தவர்களும் தம் விருப்பம்போல் சென்று வரலாயினர். ஆயினும், கருவேல முள் ஒன்று டயரில் தைத்தால் அவ்வுரிமை நடுவழியில் நின்றுவிடும் அன்றோ? ஓட்டத் தெரிந்தவர் செப்பனிடவும் தெரிந்திருந்தால்தான் வண்டி முழுவதும் அவருடையதாகும்.

காற்றடைத்த டயர் தோன்றிய வரலாறு சுவையானது. இராபர்ட் தாம்சன் என்பார் 1845 ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அது மக்களிடையே பரவவில்லை. பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் டன்லப், தம் மைந்தனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டுமெனக் கருதி, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் பொருத்தினார். 1888 ஆம் ஆண்டு அவர் பெற்ற காப்புரிமைக்குப் பின்னரே காற்று டயர் உலகெங்கும் பரவிற்று.

நம் நாட்டு மிதிவண்டிகளில் பெரும்பாலானவற்றில் டயருக்குள் டியூப் இருக்கும். காற்று இறங்கியவுடன் டியூபைக் கழற்ற முற்படுதல் கூடாது. முதற்கண் ஆராய வேண்டுவது வால்வு. அதன் உள்ளே, துளையுடைய சிறு உலோகத் தண்டின்மேல் மெல்லிய ரப்பர் உறை ஒன்று இருக்கும். அதனை 'வால் டியூப்' என்பர். பம்பின் காற்று அவ்வுறையைத் தள்ளிக்கொண்டு உட்புகும். உள்ளே சென்ற காற்றே அவ்வுறையை அழுத்தி வழியை அடைத்துவிடும். உறை பழுதுற்றால் காற்று மெல்ல வெளியேறும். வால்வின் வாயில் சிறிது சோப்பு நீரை இட்டு, குமிழி எழுமாயின் வால் டியூபை மாற்றுக. பெருவேலை சிறுவேலையாய் முடியும்.

வால்வில் குறையில்லையெனின் டியூபை வெளியே எடுத்துக் காற்றடைத்து, அகன்ற பாத்திரத்து நீரில் பகுதி பகுதியாக அழுத்திப் பார்த்தல் வேண்டும். குமிழிகள் எழும் இடமே துளையுள்ள இடம். துளையின் இடம் அதன் காரணத்தையும் உணர்த்தும். தரையை நோக்கிய புறத்தே துளை இருப்பின், முள்ளோ கண்ணாடித் துண்டோ தைத்திருக்கலாம். ரிம்மை நோக்கிய அகத்தே இருப்பின், ஸ்போக் கம்பியின் முனை நீண்டிருக்கலாம்; அல்லது அதனை மறைக்கும் பட்டை விலகியிருக்கலாம். இரு துளைகள் அருகருகே இருப்பின், குறைந்த காற்றுடன் கல்லின்மேல் ஏறியதால் ரிம்முக்கு இடையே டியூப் நசுங்கியிருக்கும்.

துளையைச் சுற்றி ஈரம் போக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர்ப் பசையை மெல்லிதாகப் பூச வேண்டும். அது சற்று உலர்ந்த பின்னரே ஒட்டுத் துண்டை வைத்து அழுத்த வேண்டும். பசை உலருமுன் ஒட்டினால் ஒட்டு விலகும்.

இனி, பலர் மறக்கும் செயல் ஒன்று உண்டு. கீரனூர்ப் பகுதியில் பள்ளிக்குச் செல்லும் மாணவி ஒருத்தி டியூபுக்கு நன்கு ஒட்டிட்டு மாட்டுகிறாள் என்று கொள்வோம். மறுநாளே காற்று இறங்குகிறது. ஒட்டு பழுதன்று, டயரின் உட்புறத்தே ஒடிந்து தங்கிய முள் முனை மீண்டும் குத்தியிருக்கிறது. ஆகவே, டியூபை மாட்டுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தல் வேண்டும். துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும். முள்ளை அகற்றாது துளையை மட்டும் அடைப்பது, நோயின் முதலை நாடாது வலிக்கு மட்டும் மருந்தளிப்பதை ஒக்கும்.

இக்காலத்துப் பந்தய மிதிவண்டிகள் சிலவற்றில் டியூபே இல்லை. டயரின் விளிம்பு ரிம்மில் இறுகப் பொருந்தியே காற்றைக் காக்கின்றது. ரிம்மிலுள்ள ஸ்போக் துளைகளைக் காற்றுப் புகாப் பட்டை மூடியிருக்கும். சிறு துளைகளை அடைக்கும் நீர்மம் டயரினுள் ஊற்றப்பட்டிருக்கும். இதிலும் சோப்பு நீரே உற்ற துணை. டயரின் மேற்பரப்பு, ரிம்மோடு பொருந்தும் விளிம்பு, வால்வின் அடி, ஸ்போக் துளைகள் என முறையே சோப்பு நீர் பூசி நோக்குக. விளிம்பில் குமிழி எழின், டயர் சுற்றிலும் சரிவரப் பதியவில்லை எனலாம். ஸ்போக் துளையிலோ வால்வின் அடியிலோ எழின், பட்டையைச் சோதித்தல் வேண்டும். பட்டையின் ஓரிடத்தில் புகுந்த காற்று ரிம்மின் உட்குழிவில் பரவி வேறோரிடத்தில் வெளிப்படலாம். ஆகவே, குமிழி தோன்றிய இடமே குறையுள்ள இடமென்று முடிவு செய்யாது பட்டை முழுவதையும் ஆராய வேண்டும். எங்கும் குறை காணப்படாவிடின், உள்ளிருக்கும் நீர்மம் உலர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வெப்பம் மிகுந்த ஊர்களில் அது விரைவில் உலரும். ரப்பர் வழியாகச் சிறிது காற்று நாளும் கசிதல் எல்லா டயருக்கும் இயல்பே. அதனைப் பழுதெனக் கொள்ளற்க.

டியூப் உள்ள சக்கரமாயினும் இல்லாத சக்கரமாயினும், முறை ஒன்றே: எளியதை முதலில் ஆராய்தல், ஐயத்தைச் சோதனையால் தீர்த்தல், காரணத்தைக் களைந்த பின்னரே பழுதைச் சீர்செய்தல். பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் அரசின் விலையில்லா மிதிவண்டியைப் பெறும் இந்நாளில், ஒரு பம்பும் ஒட்டுப் பொருள்களும் அவற்றைக் கையாளும் அறிவும் அவ்வண்டியோடு சேர்ந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் இருப்பின், ஆளற்ற செம்மண் சாலையில் முள் தைத்தாலும் அவர்தம் பயணம் தடைப்படாது. பிறர் வரவை எதிர்நோக்கி வழியோரத்தில் நிற்க வேண்டிய நிலையும் நேராது.